சிகிச்சை முடிஞ்சுது, இனி எப்படி இருக்கணும்? புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்துவிட்டு ரிவியூவுக்கு வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. நான் டாக்டர் இல்லை, மருத்துவ சமூகப் பணியாளர். டாக்டர் அறைக்குள் கிடைக்கிற சில நிமிடங்களில் கேட்க முடியாமல் போன சந்தேகங்களெல்லாம், வெளியே வந்து செருப்பு மாட்டும்போது ஞாபகம் வரும். "அக்கா, ஒண்ணே ஒண்ணு" என்று ஆரம்பிப்பார்கள். மார்பகம், கர்ப்பப்பை வாய், வாய், குடல் ஆகிய புற்றுநோய்களிலிருந்து மீண்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை அவர்கள் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

இத்தனை பேரிடம் பேசியதில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. எதற்குப் பயப்பட வேண்டாமோ அதற்குப் பயந்து தயிரையும் கத்திரிக்காயையும் நிறுத்திவிடுகிறார்கள். தினமும் போட வேண்டிய மாத்திரையையோ மூட்டு வலிக்கிறது என்று பாதியில் விட்டுவிடுகிறார்கள். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் டாக்டர் உங்களுக்கென்று வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

"ட்ரீட்மென்ட் முடிஞ்சுதுன்னுட்டாங்க. அப்போ நான் குணமாயிட்டேனா இல்லியா? அத மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க."

"இப்போது நோய் இருப்பதற்கான அடையாளம் இல்லை" என்றுதான் டாக்டர்கள் சொல்வார்கள். உங்களிடம் எதையும் மறைக்கிறார்கள் என்று அர்த்தம் இல்லை. எண்ணிக்கையில் மிகக் குறைவான செல்கள் எங்காவது தங்கியிருந்தால் எந்த ஸ்கேனிலும் தெரியாது. அதனால்தான் உறுதியாகச் சொல்லாமல் ரிவியூவுக்கு வரச் சொல்கிறார்கள்.

"அஞ்சு வருஷம் தாண்டிட்டா ஒண்ணும் இல்ல" என்பது எல்லோருக்கும் பொருந்தாது. குடல் புற்றுநோய் திரும்புவதானால் பெரும்பாலும் முதல் மூன்று வருடத்துக்குள் திரும்பும். மார்பகப் புற்றுநோயில், ஹார்மோனாலோ ஹெர்2 என்ற புரதத்தாலோ வளராத ட்ரிபிள் நெகட்டிவ் வகையும் ஏறக்குறைய அப்படித்தான், ஐந்து வருடம் தாண்டினால் ஆபத்து நன்றாகக் குறைந்துவிடும். உடம்பின் ஹார்மோனால் வளரும் ஹார்மோன் பாசிட்டிவ் வகையில் ஆபத்து குறைவாக இருந்தாலும் 20 வருடம் வரை நீளக்கூடும் என்று 2017-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. அந்த வகைக்கு 5 வருடம், சிலருக்கு 10 வருடம் அந்த ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை கொடுப்பது இதனால்தான். "என் வகைக்கு எந்த வருஷங்கள்ல அதிக கவனமா இருக்கணும்?" என்று அடுத்த ரிவியூவில் கேளுங்கள். அதற்கு டாக்டரால் நேரடியாகப் பதில் சொல்ல முடியும்.

"நல்லாத்தான் இருக்கேன். அப்புறம் எதுக்கு ஊர்லேர்ந்து இவ்ளோ தூரம் செக்கப்புக்கு வரணும்?"

நன்றாக இருக்கும்போதே கண்டுபிடிக்கத்தான். மார்பகப் புற்றுநோய்க்கு முதல் மூன்று வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, அடுத்த இரண்டு வருடம் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒருமுறை வர வேண்டும். வருடம் ஒரு மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்க வேண்டும். மார்பை எடுத்துவிட்டவர்களும் மறுபக்கத்துக்கு எடுக்க வேண்டும். வாய், தொண்டை என்றால் முதல் வருடம் மாதாமாதம் கூட வரச் சொல்வார்கள். குடல் புற்றுநோய்க்குச் சிஇஏ என்ற ரத்தப் பரிசோதனையும் சிடி ஸ்கேனும் உண்டு. ஆபரேஷன் முடிந்து ஏறக்குறைய ஒரு வருடத்தில், குடலுக்குள் குழாய்க் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபியும் செய்ய வேண்டும்.

போக்குவரத்துச் செலவுக்காக வராமல் இருந்துவிடாதீர்கள். புற்றுநோயாளிகளுக்கு ரயில் கட்டணச் சலுகை இருக்கிறது. சிகிச்சைக்கு மட்டுமல்ல, பரிசோதனைக்குப் போய்வரும் பயணத்துக்கும் அது உண்டு. மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி (சதைப் பரிசோதனை) ரிப்போர்ட், எந்தெந்தக் கீமோ மருந்து எத்தனை முறை, கரண்ட் (கதிர்வீச்சு) எத்தனை நாள் வைத்தார்கள் என்ற தாள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். செல்போனிலும் படம் எடுத்து வீட்டில் இன்னொருவருக்கு அனுப்பி வையுங்கள். பத்து வருடம் கழித்து நெஞ்சு வலி என்று வேறு ஊரில் வேறு டாக்டரிடம் போனாலும் அந்தத் தாள் தேவைப்படும்.

"மனசு நிம்மதிக்கு வருஷா வருஷம் பெட் ஸ்கேன் எடுத்துக்கலாமா? காசு பத்திப் பரவாயில்ல."

மார்பகப் புற்றுநோய்க்கு அறிகுறி எதுவும் இல்லாதபோது, உடம்பு முழுக்கப் புற்றுநோயைத் தேடும் இந்த ஸ்கேன் வேண்டாம். இத்தாலியில் இதைச் சோதித்துப் பார்த்து 1994-இல் இரண்டு ஆய்வுகளை வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு எலும்பு ஸ்கேன், நெஞ்சு எக்ஸ்ரே என்று அடிக்கடி எடுத்தார்கள். மற்றவர்களுக்கு டாக்டர் பரிசோதனையும் மேமோகிராமும் மட்டும். அடிக்கடி எடுத்தவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை.

நிம்மதிக்காக எடுத்த ஸ்கேன் அதைக் கெடுப்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பழைய காசநோய்த் தழும்போ, சளி பிடித்து வீங்கிய நெறிக்கட்டியோ ஸ்கேனில் பளிச்சென்று தெரியும். அதற்கு ஒரு பயாப்ஸி, அந்த ரிசல்ட் வரும்வரை வீட்டில் அடுப்பு எரியாது. ஆனால் மேலே சொன்ன மாதிரி குடல் புற்றுநோயில் சிடி ஸ்கேனுக்குப் பலன் உண்டு. பக்கத்துப் படுக்கைக்காரருக்கு எழுதிய ஸ்கேன் உங்களுக்கு ஏன் எழுதவில்லை என்று வருத்தப்பட வேண்டாம்.

"தல வலிச்சாலும் முதுகு வலிச்சாலும் 'திரும்பி வந்துடுச்சோ'ன்னு தோணுது. ராத்திரில தூக்கமே இல்ல. எனக்கு மட்டும்தான் இப்படியா?"

இல்லை. நான் கேட்கும் கேள்விகளில் இதுதான் முதலிடம். ரிவியூவுக்கு முந்தைய வாரம் இது கூடும். ஆபரேஷன் நடந்த தேதி வந்தால் கூடும். கூடவே கீமோ எடுத்த யாரோ இறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால் பல நாள் தூக்கம் போய்விடும். தைரியமானவர், பயந்தாங்கொள்ளி என்ற வித்தியாசமெல்லாம் இதில் கிடையாது. "அதான் சரியாயிடுச்சே, இன்னும் என்ன அழுகை" என்று வீட்டில் சொல்லும் ஒரு வார்த்தை, நோயை விடக் கனமாக விழுகிறது. வீட்டில் உள்ளவர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து அந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள்.

பயத்துக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்வது உதவுகிறது. புதிதாக ஒரு வலியோ தொந்தரவோ வந்தால் காலண்டரில் தேதியைக் குறியுங்கள். சளி, தசைப்பிடிப்பு, அஜீரணம் எல்லாம் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் போய்விடும். போகவில்லை என்றாலும், நாளுக்கு நாள் கூடினாலும் ரிவியூ தேதி வரை காத்திருக்காமல் வாருங்கள். கையில் படும் புதுக் கட்டி, ரத்தம் வடிதல், மூச்சு வாங்குதல், வலிப்பு, மஞ்சள் காமாலை, கால் திடீரென்று பலமிழத்தல், இரவில் படுத்தாலும் விடாத எலும்பு வலி ஆகியவற்றுக்கு இரண்டு வாரக் கணக்கே கிடையாது. அன்றே கிளம்புங்கள்.

நடு ராத்திரியில் செல்போனில் தேடுவதை நிறுத்துங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். கேள்வியை ஒரு நோட்டில் எழுதிவிட்டுப் படுங்கள், காலையில் கேட்கலாம். வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை, சமைக்கப் பிடிக்கவில்லை, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை என்றால் மனநல ஆலோசனை தேவை. இந்தப் பயத்துக்கென்றே வடிவமைத்த ஆலோசனை முறையால் அது குறைகிறது என்று ஆஸ்திரேலியாவில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது. நேரில் போக முடியாதவர்கள் அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 எண்ணுக்குக் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

"இன்னும் அசதி போகல. ரெஸ்ட் எடுக்கணுமா, நடக்கணுமா?"

நடக்கணும். படுத்தே இருந்தால் அசதி குறையும் என்று நினைக்கிறோம். ஆனால் படுக்கப் படுக்கத் தசை கரைந்து அசதி கூடும். முதலில் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள். அவற்றில் குறை இருந்தால் அதைச் சரிசெய்ய மருந்து இருக்கிறது. கீமோவில் சிவப்பு மருந்து ஏறியவர்களும் டிராஸ்டுசுமாப் ஊசி போட்டவர்களும், மாடி ஏறும்போது மூச்சு வாங்கினாலோ கால் வீங்கினாலோ உடனே சொல்ல வேண்டும். அந்த மருந்துகள் சிலருக்கு இதயத்தைப் பலவீனமாக்கும், எக்கோ எடுத்துப் பார்ப்பார்கள்.

வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை, இரண்டு நாள் தசைக்கான பயிற்சி என்பது பொதுவான அளவு. பேச முடியணும், பாட முடியக்கூடாது, அதுதான் வேகம். முதல் வாரம் வீட்டுத் திண்ணையிலிருந்து தெருமுனை வரை 10 நிமிடம் போதும். பத்து பத்து நிமிடமாகக் கூட்டுங்கள். தசைக்கு, நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதை 10 முறை செய்யுங்கள். கீமோவால் பாதம் மரத்துப் போனவர்கள் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். மத்தியான வெயிலில் கோயில் கல்தரையில் நடந்து, சுட்டது தெரியாமலே கொப்புளத்தோடு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

நடை என்பது சும்மா மனதுக்கு இதமாகச் சொல்வது அல்ல. குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும்தான் அதிகம் பேர். முடிவு 2025-இல் வந்தது. ஒரு பிரிவுக்குப் பயிற்சியாளர் வைத்து மூன்று வருடம் உடற்பயிற்சி, மற்றவர்களுக்குப் புத்தகத்தில் அறிவுரை மட்டும். எட்டு வருட முடிவில் பயிற்சிப் பிரிவில் 90 சதவீதம் பேரும் மற்றதில் 83 சதவீதம் பேரும் உயிரோடு இருந்தார்கள். பெரும்பாலோர் செய்தது வேகநடைதான்.

"ஆபரேஷன் பண்ண பக்கத்துக் கையில குடம் தூக்கக் கூடாதுன்னாங்க. ஆயுசுக்குமா?"

அக்குளில் நெறிக்கட்டி எடுத்தவர்களுக்குக் கை வீங்க வாய்ப்பு இருப்பதால் முன்பெல்லாம் அப்படித்தான் சொன்னார்கள். 2009-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதை மாற்றியது. ஏற்கெனவே கை வீக்கம் இருந்த பெண்களுக்கே, மிகக் குறைந்த எடையில் ஆரம்பித்து மெல்ல மெல்லக் கூட்டி எடை தூக்கப் பயிற்சி கொடுத்தார்கள். வீக்கம் கூடவில்லை, திடீரென்று மோசமாவதும் குறைந்தது. ஆறு மாதம் கையைத் தொங்கவிட்டுவிட்டு ஒரே நாளில் நிறைகுடம் தூக்குவதுதான் தவறு. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் ஆரம்பித்து, பிசியோதெரபிஸ்ட் சொல்கிறபடி வாரக்கணக்கில் கூட்டுங்கள்.

தோலைக் காப்பது எடையை விட முக்கியம். அரிவாள்மணை வெட்டு, முள் குத்தல், எண்ணெய் தெறிப்பு எதுவானாலும் சோப்புப் போட்டுக் கழுவி மருந்து போடுங்கள். கை சிவந்து, சூடாகி, காய்ச்சல் வந்தால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும், ஆன்டிபயாடிக் தேவைப்படும். ஊசியும் பிரஷரும் முடிந்தவரை மறுகையில். அவசரத்தில் ஒருமுறை இந்தக் கையில் பார்த்துவிட்டார்கள் என்று கலங்க வேண்டாம். மோதிரம், வளையல் புதிதாக இறுகுவதுதான் வீக்கத்தின் முதல் அடையாளம்.

"சர்க்கரை சாப்பிட்டா கேன்சர் வளருமாமே? காப்பியே விட்டுட்டேன்."

காப்பி குடியுங்கள். உடம்பின் எல்லாச் செல்லுக்கும் குளுக்கோஸ்தான் எரிபொருள். நீங்கள் சர்க்கரையை நிறுத்தினாலும் சோற்றிலிருந்தும் பருப்பிலிருந்தும் உடம்பு அதை எடுத்துக்கொள்ளும், புற்றுநோய்ச் செல்லை மட்டும் பட்டினி போட வழி கிடையாது. பெட் ஸ்கேனில் குளுக்கோஸ் கலந்த மருந்தை ஏற்றியதும் கட்டி பளிச்சென்று தெரிகிறது அல்லவா, அந்தப் படத்திலிருந்து கிளம்பிய பயம் இது.

கவலைப்பட வேண்டியது எடையைப் பற்றியும் நீரிழிவைப் பற்றியும். மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பிறகு பலருக்கு எடை கூடுகிறது. ஒரு டம்ளர் காப்பியை விட, மூன்று வேளையும் தட்டு நிறைய வெள்ளைச் சோறு, நாலு மணிக்கு முறுக்கு, வாரம் முழுக்கக் குளிர்பானம் என்று போவதைக் குறைப்பதுதான் பலன் தரும்.

"அப்போ என்னதான் சாப்பிடறது? கத்திரிக்கா, தயிரு, கருவாடு, கோழி எல்லாமே ஆகாதுங்கிறாங்க."

கத்திரிக்காயும் தயிரும் புற்றுநோயைத் திரும்பக் கொண்டுவரும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. தட்டில் பாதி காய், கீரை. கால்வாசி பருப்பு, பயறு, முட்டை, மீன் இவற்றில் ஏதாவது. மீதிக் கால்வாசி சோறோ ராகியோ கம்போ. இவ்வளவுதான். பிராய்லர் கோழி வேகமாக வளர்வது இனத்தேர்வாலும் தீவனத்தாலும். ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்பது வதந்தி. நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். ஆட்டுக்கறி, மாட்டுக்கறி சமைத்த அளவில் வாரத்துக்கு அரைக் கிலோவைத் தாண்ட வேண்டாம்.

கருவாட்டில் கொஞ்சம் கவனம் தேவை. உப்பில் ஊறிய உணவுகளை அதிகம் சாப்பிடுவது இரைப்பைப் புற்றுநோயோடு தொடர்புடையது. தினமும் கருவாடும் ஊறுகாயும் என்பதை மாற்றி, எப்போதாவது ஆசைக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சோயாவைப் பற்றிய பயமும் தேவையில்லை. ஷாங்காயில் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 5,000-க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், சோயா அதிகம் சாப்பிட்டவர்களிடம் நோய் திரும்புவது குறைவாகவே இருந்தது.

மேலே சொன்னது பசி எடுத்து, மென்று விழுங்கக்கூடியவர்களுக்கு. வாய்ச் சிகிச்சைக்குப் பிறகு எடை இறங்கிக்கொண்டே போகிறவர்களுக்கு அளவுச் சாப்பாடு பேசக்கூடாது. கஞ்சியில் நெய், பருப்பை மசித்து முட்டையோடு, வேர்க்கடலையை அரைத்துப் பாலில் என்று சத்தை அடர்த்தியாக்க வேண்டும். இரைப்பையை எடுத்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை சாப்பிட வேண்டும். முழு இரைப்பையும் எடுத்திருந்தால் வைட்டமின் பி12 ஊசியை ஆயுள் முழுக்க விடக்கூடாது.

"முள் சீத்தாப்பழம், மஞ்சள் மாத்திர, விட்டமின் எல்லாம் எடுத்துக்கிறேன். நல்லதுதானே, கெடுதல் என்ன இருக்கு?"

கெடுதல் இருக்கிறது. முள் சீத்தாப்பழத்தில் உள்ள ஒரு பொருள் நரம்புச் செல்களைப் பாதிக்கக்கூடியது. கரீபியனில் குவாடலூப் தீவில் அதன் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் வழக்கமாக எடுத்தவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நோய் அதிகம் காணப்பட்டது. புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பதற்கு மனிதர்களில் நடந்த ஆய்வு ஆதாரம் இல்லை.

குழம்பில் போடும் மஞ்சளால் ஒன்றும் ஆகாது. ஆனால் குர்குமின் மாத்திரை, அதிலும் மிளகுச் சத்து சேர்த்தது, டமாக்சிஃபென் மருந்தின் அளவை ரத்தத்தில் குறைத்ததாக 2019-இல் ஓர் ஆய்வு காட்டியது. நோயைத் தடுக்கப் போடும் மாத்திரையின் வேலையையே அது கெடுக்கக்கூடும். பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்தபோது புகைப்பவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் கூடியதை 1990-களிலேயே பார்த்துவிட்டார்கள். இரும்புச் சத்தோ வைட்டமின் டியோ குறைவாக இருந்தால் அதற்கென்று எழுதிக் கொடுத்ததைப் போடலாம். சித்த மருந்து எடுப்பவர்கள் அதை மறைக்காமல் புற்றுநோய் டாக்டரிடம் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று பயந்து மறைப்பதால்தான் சிக்கல் வருகிறது.

"மாத்திர போட்டா மூட்டெல்லாம் வலிக்குது, திடீர்னு உடம்பு தீயா எரியுது. நிறுத்திட்டா என்னங்க ஆகும்?"

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ஹார்மோன் பாசிட்டிவ் மார்பகப் புற்றுநோய்க்கு அந்த மாத்திரை, கீமோவுக்குச் சமமான சிகிச்சை. வீட்டில் போடுவதால் அது சாதாரணமாகத் தெரிகிறது. முதல் கேள்வியில் சொன்ன அந்த நீண்ட கால ஆபத்தைக் குறைப்பது இதுதான்.

வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மாற்று மருந்து இருக்கிறது. நடையும் தசைப் பயிற்சியும் இந்த மூட்டு வலியைக் குறைப்பதாக ஆய்வே இருக்கிறது. லெட்ரோசோலும் அனஸ்ட்ரோசோலும் எலும்பைத் தேய்க்கும், ஆகவே டெக்சா ஸ்கேன் (எலும்பு அடர்த்தியைப் பார்ப்பது), கால்சியம், வைட்டமின் டி பற்றிக் கேளுங்கள். உடம்பு எரிச்சலுக்கும் மருந்து உண்டு. ஆனால் தூக்கத்துக்கோ மனசுக்கோ வேறு டாக்டரிடம் மருந்து வாங்கும்போது டமாக்சிஃபென் போடுவதைச் சொல்லிவிடுங்கள். பராக்சிட்டின், ஃப்ளூவாக்சிட்டின் போன்றவை அதன் வேலையைக் குறைக்கும். மாதவிலக்கு நின்றவர்களுக்கு டமாக்சிஃபென் போடும்போது சிறிது ரத்தம் பட்டாலும் உடனே வந்து காட்ட வேண்டும்.

"வாய்க்கு கரண்ட் வச்சு மூணு வருஷமாச்சு. பல்லு ஆடுது, பக்கத்து பல் டாக்டர்ட்ட புடுங்கிக்கட்டுமா?"

நில்லுங்கள். கரண்ட் வைத்த தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்திருக்கும். பல்லைப் பிடுங்கிய குழி ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். எத்தனை வருடம் ஆனாலும் இந்த ஆபத்து உண்டு. பல் டாக்டரிடம் முதல் வார்த்தையாகக் கரண்ட் வைத்ததைச் சொல்லுங்கள், சிகிச்சை கொடுத்த மருத்துவமனையிலும் கேட்ட பிறகுதான் பிடுங்க வேண்டும். கழுத்துக்கு வைத்தவர்கள் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை தைராய்டு பார்க்கணும். வாயைத் திறக்கும் பயிற்சியைச் சிகிச்சை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள்.

"அதான் கேன்சரே வந்துடுச்சே. இனிமே பீடிய விட்டு என்ன ஆவப் போவுது தம்பி?"

என்னோடு வேலை செய்யும் தம்பியிடம் ஒரு பெரியவர் கேட்டது, பலரும் கேட்பதுதான். நிறைய ஆகும். நோய் வந்த பிறகு விட்டவர்கள், விடாதவர்களை விட அதிக காலம் வாழ்கிறார்கள். புண் சீக்கிரம் ஆறும், கரண்ட் நன்றாக வேலை செய்யும், இரண்டாவதாக ஒரு புதுப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் குறையும். வாய்ப் புற்றுநோயில் அந்த இரண்டாவது நோய்தான் பெரிய எதிரி.

"புகையிலை போடல, வெறும் பாக்குதான்" என்பதும் ஏற்க முடியாதது. பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அறிவித்துவிட்டது. குட்காவைத் தமிழ்நாடு தடை செய்தது 2013-இல், வெற்றிலைத் தட்டில் பாக்கு இன்னும் இருக்கிறது. கல்யாண வீட்டில் வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மதுவும் அதே பட்டியலில்தான் வருகிறது. விட முடியாமல் தவிப்பவர்கள் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம்.

"இதக் கேக்கவே கூச்சமா இருக்கு அக்கா... வீட்டுக்காரரோட சேந்து இருக்கலாமா? அவருக்கு ஒட்டிக்குமா?"

சேர்ந்து இருக்கலாம். புற்றுநோய் தொட்டாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும், சேர்ந்து படுத்தாலும் ஒட்டாது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்பிவி வைரஸ் உடலுறவில் பரவுவது உண்மை. ஆனால் அது உங்கள் இருவருக்குள்ளும் எப்போதோ பகிரப்பட்டுவிட்டது. இப்போது தனிப்பாயில் படுப்பதால் தடுக்கப்போவது எதுவும் இல்லை.

கர்ப்பப்பை வாய்க்குக் கரண்ட் வைத்தவர்களுக்குப் பிறப்புறுப்புப் பாதை வறண்டு சுருங்கும். விரிவுபடுத்தும் கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று செவிலியர் சொல்லித் தருவார். டாக்டர் பிற்காலத்தில் உள்ளே பரிசோதிக்கவும் அது தேவை என்பதால், தனியாக வாழ்பவர்களும் செய்யணும். வலி இருந்தால் தண்ணீர் அடிப்படையிலான ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும். ஹார்மோன் கலந்த களிம்பை மட்டும் கேட்காமல் போடாதீர்கள். ஒவ்வொரு முறையும் ரத்தம் பட்டால் காட்டுங்கள். பெண் டாக்டரிடம்தான் பேசுவேன் என்று கேட்பது உங்கள் உரிமை.

"எனக்கு முப்பத்திரெண்டு வயசு. குழந்தை பெத்துக்க முடியுமா?"

பலரால் முடியும். ஹார்மோன் பாசிட்டிவ் மார்பகப் புற்றுநோய்க்கு ஒன்றரை முதல் இரண்டரை வருடம் மாத்திரை போட்டபின், டாக்டர் கண்காணிப்பில் இரண்டு வருடம் வரை நிறுத்திக் குழந்தை பெற்ற பெண்களைப் பற்றிய ஆய்வு 2023-இல் வந்தது. சில வருடக் கண்காணிப்பில் அவர்களுக்கு நோய் திரும்புவது கூடவில்லை. நீண்ட கால விவரம் இன்னும் சேர்ந்துகொண்டிருக்கிறது. மாத்திரை போடும் காலத்தில் கருத்தரிக்கக் கூடாது, காப்பர்-டி போன்ற ஹார்மோன் இல்லாத தடுப்பு முறை வேண்டும். நீங்களாக நிறுத்திவிட்டு வந்து சொல்லாதீர்கள்.

"பொண்ணுக்கு வரன் பாக்குறோம். எனக்கு வந்தத மறச்சிடலாமா? அவளுக்கும் வருமா?"

மார்பகப் புற்றுநோயில் 5 முதல் 10 சதவீதம்தான் பெற்றோரிடமிருந்து வரும் மரபணு மாற்றத்தால் வருவது. இளம் வயதில் வந்திருந்தால், ட்ரிபிள் நெகட்டிவ் என்றால், குடும்பத்தில் சினைப்பைப் புற்றுநோய் இருந்தால் அல்லது ஆணுக்கு மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால், முதலில் உங்களுக்குத்தான் மரபணுப் பரிசோதனை செய்வார்கள். மாற்றம் இருந்தால் மகளுக்கும் மகனுக்கும் அது போயிருக்க 50 சதவீத வாய்ப்பு. போயிருந்தாலும் நோய் வந்தே தீரும் என்றில்லை, முன்கூட்டியே கண்காணிக்கலாம்.

சம்பந்தி வீட்டில் சொல்வதா என்பது உங்கள் குடும்பத்தின் முடிவு, அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் மகளிடம் மறைக்காதீர்கள். எந்த வயதில் பரிசோதனை ஆரம்பிப்பது என்று முடிவு செய்ய அவளுக்கு அந்தத் தகவல் வேண்டும். மறைப்பதற்காக ரிவியூவுக்கு வராமல் இருந்த அம்மாக்களை நினைத்தால் எனக்கு இன்றும் வேதனையாக இருக்கிறது.

"எல்லாம் சரியாப் பண்ணியும் திரும்பி வந்துட்டா? நான் என்ன தப்பு செஞ்சேன்?"

எதுவும் செய்யவில்லை. நடை, மாத்திரை, புகையிலையை விடுதல் எல்லாம் வாய்ப்பைக் குறைக்கின்றன, ஒழித்துவிடுவதில்லை. மேலே சொன்ன குடல் புற்றுநோய் ஆய்வில், பயிற்சியைச் செய்தவர்களிலும் சிலருக்கு நோய் திரும்பியது. எந்த மருந்துக்கு எந்தச் செல் மசியாது என்பதை உங்கள் சாப்பாடோ, ஒரு நாள் கோபமோ, தவறவிட்ட விரதமோ தீர்மானிக்கவில்லை. "நெகட்டிவா யோசிச்சே, அதான் வந்துச்சு" என்று யாராவது சொன்னால் அது பொய்.

திரும்பியது தெரிந்தால் பெரும்பாலும் மறுபடி பயாப்ஸி எடுப்பார்கள், ஏனென்றால் கட்டியின் வகை மாறியிருக்கக்கூடும், மருந்தும் அதற்கேற்ப மாறும். அதே இடத்தில் சிறிதாகத் திரும்பியதை முழுமையாக நீக்க முடிகிற நிலைகளும் உண்டு. வேறு இடத்துக்குப் பரவியிருந்தால் பல வருடம் கட்டுப்பாட்டில் வைக்கும் மருந்துகள் இன்று பலருக்கு இருக்கின்றன. வலி நிவாரணப் பிரிவுக்கு அனுப்பினால் கைவிட்டுவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், சிகிச்சை நடக்கும்போதே வலி, வாந்தி, தூக்கம் எல்லாவற்றையும் அவர்கள் கவனித்துக்கொள்வார்கள். அந்தச் செய்தியைக் கேட்கப் போகும் நாளில் வீட்டிலிருந்து ஒருவரைக் கூட அழைத்து வாருங்கள். டாக்டர் சொல்வதை அவர் எழுதிக்கொள்ளட்டும். வெளியே வந்ததும் எங்கள் அறைக்கு வாருங்கள், அடுத்து என்ன என்பதை உட்கார்ந்து பேசலாம்.